ஆளைப் பாயும் விடலைச் சேவல்

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் உள்ள எங்கள் உடப்பில் வளவு என்று சொல்லிக்கொள்ளத்தக்க நிலம் உள்ள வீடுகள் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே கோழி வளர்க்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். கோழி குப்பையைக் கிளறினால் பொறுத்துக்கொள்வார்கள். சேவல் விடியுமுன் கூவினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே எழும்பியிருப்பார்கள். ஆனால் வேலியைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுப் பிள்ளையின் முழங்காலைக் கொத்திவிட்டு வந்தால், அன்று பின்னேரமே படலையில் ஆள் நிற்கும்.

"மாமி, உங்கட சாவலைக் கட்டி வையுங்க. இல்லாட்டி கறியாக்குங்க."

இரண்டுமே நல்ல யோசனைதான். எந்தச் சேவலுக்கு எது என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

நான் பெரிய பண்ணைக்காரி இல்லை. பத்துப் பதினைந்து பெட்டைகளும் ஒன்றிரண்டு சேவல்களும் வைத்து முட்டையும் குஞ்சும் விற்கிறவள். என் மாமியார் காலத்தில் இதை யாரும் தொழில் என்று சொன்னதில்லை. மீன் கழுவுகிற இடத்தில் மிஞ்சுகிற செவுள், குடல், பானையடிச் சோறு, கொஞ்சம் குறுணல், தேங்காய்ப் பிண்ணாக்கு என்று கிடைத்ததைத் தின்று கோழி தானாக வளரும். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து புத்தளம் கரையோரத்து இறால் குளங்கள் படுத்துவிட்டன. அந்தக் குளங்களை நம்பியிருந்த வீடுகள் பலவற்றில் கைச்செலவுக்கு நின்றது முட்டைக் காசுதான். எங்கள் கூடும் அப்போதுதான் பெரிதானது.

விடலைச் சேவல் தொல்லை என்று ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கியது அதற்கும் பல வருடங்களுக்குப் பிறகு. 2022இல் தீவனத் தட்டுப்பாட்டால் லேயர் பண்ணைகள் திண்டாடி முட்டை விலை ஏறியது. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை. அந்த நாட்களில் என்னிடம் குஞ்சு கேட்டு வராத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. எல்லாருக்கும் வேண்டியது முட்டை. லேயர் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் முதல் நாளே பெட்டை, சேவல் என்று பிரித்துவிடுவார்கள். அடைக்கோழி இருபத்தொரு நாள் கிடந்து பொரிக்கும் ஊர்க்கோழிக் குஞ்சை அப்படிப் பிரித்துத் தர ஆளில்லை. அதில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆறேழு மாதம் போனதும் அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள். முட்டைக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. "இது வீட்டு ஆக்களையே அடிக்குது" என்பதுதான் பேச்சு.

அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். குஞ்சாக இருந்தபோது இதை யார் தூக்கித் திரிந்தது? அநேகமாக ஒரு பிள்ளையின் பெயர் வரும். மடியில் வைத்துச் சோறு ஊட்டி, பெயர் சூட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அதைத் தேடி எடுத்த பிள்ளை. தாய்க்கோழியின் பின்னால் கூட்டத்தோடு திரிந்து வளர்ந்த சேவல் ஆளைக் கண்டால் ஒரு முழம் விலகி நடக்கும். அட்டைப் பெட்டிக்குள் தனியாக, மனிதக் கையில் வளர்ந்தது விலகாது. அதன் கண்ணுக்கு நாம் உயரமான இன்னொரு சேவல். வயது வந்ததும் அந்த உயரமான சேவலோடு கணக்குத் தீர்க்கப் பார்க்கிறது.

முரட்டுச் சேவலைக் கண்டால் "காட்டு ரத்தம் கலந்திருக்கு" என்று சொல்கிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. வடக்கே எழுவன்குளம் தாண்டினால் வில்பத்துக் காடு. அங்கே இருக்கிறது நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழி. சேவலுக்குச் செம்மஞ்சள் உடல், சிவந்த கொண்டையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு. அது கூவினால் 'ஜோர்ஜ் ஜோய்ஸ்' என்று கேட்கும் எனப் பறவைப் புத்தகங்களில் எழுதியிருக்கும். என் காதுக்கு அப்படிக் கேட்டதில்லை. வெள்ளைக்காரக் காதுக்குக் கேட்டிருக்கலாம். அது எப்படியோ, அந்தக் காட்டுச் சேவல் ஆள் அரவம் கேட்டதும் பற்றைக்குள் மறைந்துவிடும். மனிதரோடு மல்லுக்கு நிற்க அதற்கு ஒரு தேவையும் இல்லை. ஆளை அடிப்பது நம் கையில் தின்று, நம்மிடம் பயம் விட்டுப்போன வீட்டுச் சேவல். ஆகவே இந்தக் காட்டு ரத்தக் கதையை நான் ஏற்பதில்லை.

வளர்ப்பு பாதி, வயது மீதி. மூன்று நான்கு மாதத்தில் தொண்டை கரகரத்துக் கூவப் பழகும். ஐந்து ஆறு மாதத்தில் கொண்டை தடித்துச் சிவக்கும். கொண்டை சிவக்கிற அந்த வாரங்களில்தான் குணமும் மாறும், ஏனென்றால் இரண்டையும் ஆட்டுவிப்பது ஒன்றே. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் ஆர்னல்ட் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு விடலைச் சேவல்களை வைத்து இதைச் சோதித்தார். விதை எடுக்கப்பட்ட சேவல்களின் கொண்டை சுருங்கியது. சரியாகக் கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. விதையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்துத் தைத்தபோதோ கொண்டை சிவந்தது, கூவலும் சண்டையும் பழையபடி வந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது என்று அவர் கண்டார். ஹோர்மோன் என்ற பெயர் பிறந்தது அரை நூற்றாண்டு கழித்துத்தான். பாயும் சேவலைப் பார்த்து 'நன்றி கெட்டது' என்று மனம் நோகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அதற்கு நன்றியும் தெரியாது, துரோகமும் தெரியாது. உடம்பு சொல்கிறது, அது செய்கிறது.

முன்னறிவிப்பில்லாமல் பாயும் சேவலை நான் கண்டதில்லை. அறிவிப்பை நாம்தான் கவனிப்பதில்லை. முதலில் நேராக வராது, பக்கவாட்டில் வரும். வந்து, மேய்கிற மாதிரி மணலைக் கொத்தும். அந்த இடத்தில் ஒரு குறுணல்கூடக் கிடக்காது. கொத்துகிற நேரமும் ஒற்றைக் கண் நம்மீதே இருக்கும். பிறகு ஒரு பக்கச் செட்டையைக் கீழே தாழ்த்தும். செட்டை நுனி மணலில் உரசிக் கோடு போட, சின்னச் சின்ன அடி வைத்து அரை வட்டம் சுற்றும். பெட்டைக்கு முன்னால் ஆடும் ஆட்டமும் இதுவே. கழுத்து மயிர் விரிந்து குடை பிடித்த மாதிரி நிற்கும். அந்த நேரம் நாம் முதுகைக் காட்டித் திரும்பினால் போதும், இரண்டு காலையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு எகிறும். இந்த வயதில் காலில் முள் வெறும் மொட்டுத்தான். வலிப்பது நகமும் அலகும் செட்டை அடியும். ஒரு வயது தாண்டிய பிறகு முள் நீண்டு கூராகும்; அப்போது அது கெண்டைக்கால் சதையில் இறங்கும்.

எதைக் கண்டு கிளம்புகிறது என்று கேட்டால் சிவப்புத் துணி என்பார்கள். கோழிக்கு நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் கண்ணுக்குப் படாத புறஊதா வெளிச்சத்தைக்கூட அது காணும். ஆனாலும் என் வளவில் நான் பார்த்த மட்டில் நிறத்தைவிட அசைவுதான் அதைக் கிளப்புகிறது. ஈர்க்கு விளக்குமாற்றால் மணலைக் கூட்டினால், அதற்கு அது யாரோ நிலத்தைக் கீறிச் சவால் விடுவதாகத் தெரியும் போலிருக்கிறது. ரப்பர் செருப்பு குதிக்காலில் அடிக்கிற சத்தம், வாளி ஆட்டம், பாவாடைக் கரை, சாரத்தின் தொங்கல், எல்லாம் சேர்த்தி. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊரில் உடுத்தியிருப்பதெல்லாம் படபடக்கும். சேவல் முறைப்பாடும் அந்த மாதங்களில்தான் கூட.

பாய வரும்போது இரண்டு காரியம் செய்யக் கூடாது. ஓடக் கூடாது, உதைக்கக் கூடாது. ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உதைத்தால் ஏன் கூடாது என்பதுதான் ஆண்பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. இரண்டு சேவல் மோதினால் ஒன்று பின்வாங்கும் வரைக்கும் மோதும். களத்தில் நின்றது வென்றது. நீங்கள் ஓர் உதை விட்டுவிட்டு வேலை இருக்கிறதென்று அடுப்படிக்குள் போகிறீர்கள். அதன் கணக்கில் சண்டைக்கு வந்து, களத்தை விட்டுப் போனவர் நீங்கள். நாளைக்கு இன்னும் துணிச்சலாக வரும். தவிர, உதையில் நெஞ்செலும்பு உடைந்து செத்த சேவலையும் பார்த்திருக்கிறேன். அது தீர்வென்று யாரும் சொல்ல முடியாது.

நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கையில் சுளகோ வாளியோ இருந்தால் முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளலாம். பிறகு அதை நோக்கி மெதுவாக ஓர் அடி, இன்னோர் அடி. அது முகத்தைத் திருப்பி, கழுத்து மயிர் படிந்து, விலகி நடக்கிற வரை நம் நடை நிற்கக் கூடாது. விலகியதும் துரத்தவும் கூடாது. துரத்தினால் பழையபடி சண்டைதான். இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் பரணில் அடைந்த சேவலைச் சத்தமில்லாமல் தூக்கிவிடலாம். விடிந்து கூட்டைத் திறக்கும்போது அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கோழிகளுக்குத் தீனி போட்டு, முட்டை பொறுக்கி, தண்ணீர் மாற்றுவேன். முதலில் காலை உதறும், கத்தும். உடம்பு தளர்ந்து தலை தாழ்ந்த பிறகுதான் இறக்கி விடுவேன். உதறிக்கொண்டிருக்கும்போதே விட்டால் தான் உதறித்தான் விடுபட்டதென்று எடுத்துக்கொள்ளும். இதை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். நான் அடக்கி வைக்க, மகன் விளையாட்டுக்குக் காலை நீட்டிச் சீண்டினால் என் பாடு வீண். கையில் வைத்து ஊட்டுவதை அன்றோடு நிறுத்த வேண்டும். தீனியைத் தூரவே இறைத்தால் போதும்.

இந்த வைத்தியம் எல்லாவற்றுக்கும் பலிக்காது. தாயோடு வளர்ந்து, வயதுக் கொழுப்பில் ஒரு தரம் இரு தரம் பாய்ந்து பார்த்த சேவல் பெரும்பாலும் அடங்கிவிடும். பெட்டிக்குள் வளர்ந்தது அடங்குவது அபூர்வம்.

அடக்குவதில் மனிதரைவிடக் கெட்டிக்காரன் மூத்த சேவல். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. அதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் நோர்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பெ. சிறு பையனாக இருக்கும்போதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கி, 1921இல் அதையே ஆய்வேடாக்கினார். ஜப்பானில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூவலிலும் அந்த வரிசை இருப்பதைக் காட்டியது. விடியற்புறம் முதலில் கூவுவது தலைமைச் சேவல். மற்றவை தம் தரத்தின்படி பின்னால் கூவும். எங்கள் மாமியார் இருட்டில் பாயில் கிடந்தபடியே எந்தச் சேவல் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். விடலை முந்திக் கூவிய நாளில், "பெரியவருக்கு ஏலாமப் போச்சு, இனிச் சின்னவர் ராச்சியம்" என்பார்.

அந்த ராச்சியம் மாறுவது பெரும்பாலும் நம் கையால்தான். ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முடிந்து விரதம் விட்டதும் சேவல் கேட்டு ஆள் வரும். நிறை கூடிய மூத்த சேவலுக்கு நல்ல விலை. அதைக் கொடுத்துவிட்டு விடலையை வைத்துக்கொள்வார்கள். நேற்றுவரை ஒதுங்கித் தின்ற விடலைக்கு ஒரே இரவில் எதிரி இல்லாமல் போகிறது. வளவில் எஞ்சியிருக்கும் பெரிய உருவம் வீட்டுக்காரர்தான். மூத்ததை விற்ற வாரத்திலேயே விடலை ஆளைப் பாயத் தொடங்கிய வீடுகள் என் கணக்கில் நிறைய. இரண்டு வயது, மூன்று வயதுச் சேவல் அமைதியாக இருந்தால், காசைப் பார்க்காமல் அதை வைத்துக்கொண்டு விடலைகளை விற்பது புத்தி.

விற்கும்வரை விடலைகளை நான் தனியாக அடைத்து வைப்பேன், எல்லாவற்றையும் ஒன்றாக. பெட்டை கண்ணில் படாத இடமாக இருந்தால் சேவல்கள் தங்களுக்குள் பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை. கூட்டுக்குச் செலவில்லை. நாலு கம்பும், கடலுக்கு உதவாத நைலோன் வலையும், மேலே கிடுகும் போதும். வலையில் ஒரு கவனம் வேண்டும். கீழ்ப்பக்கம் தொய்வாக விட்டால் காலும் முள்ளும் சிக்கித் தலைகீழாகத் தொங்கும். கீழே ஒரு முழத்துக்குத் தகடோ பலகையோ அடித்துவிட்டு அதற்கு மேல் வலையை இழுத்துக் கட்ட வேண்டும்.

ஆளுக்கு வரும் தொல்லையை மட்டும்தான் சனம் பேசும். பெட்டைகள் படுகிற பாட்டை யாரும் பேசுவதில்லை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை என்பது சரியான கணக்கு. நாலு பெட்டைக்கு இரண்டு விடலை என்று விட்டால் பெட்டைகளின் முதுகில் மயிர் இருக்காது. தோல் கிழிந்து புண்ணாகும். விடலைக்கு நயம் தெரியாது, துரத்தி அமுக்கும். பழகின சேவலைப் பாருங்கள். புழுவோ சோறோ கண்டால் தான் விழுங்காது. எடுப்பதும் போடுவதுமாகக் கொக் கொக்கென்று கூப்பிட்டுப் பெட்டைகளைத் தின்ன விடும். பருந்து நிழல் விழுந்தால் முதல் குரல் அதனுடையது. சேவல் வைத்திருப்பதற்குக் கூலி இதுதான்.

முரட்டுச் சேவல் இருக்கிறதென்று கேள்விப்பட்டால் சண்டைக்கு விடுகிறவர்கள் தேடி வருவதுண்டு. சேவல் சண்டை இந்த நாட்டில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்திலேயே தடுக்கப்பட்டது. நான் கொடுப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், விஷயம் தெரிந்த சண்டைக்காரர் ஆளை அடிக்கும் சேவலை வாங்கவே மாட்டார். சேவலோடு மோதுகிற சேவல்தான் அவருக்கு வேண்டும். தினமும் கையில் பிடித்துத் தடவிப் பழக்க வேண்டிய பறவை தன் கையையே கொத்தினால் அவருக்கு அது பழுது. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கே நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அந்தச் சேவலும் வளர்த்தவனைக் கொத்தியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னப் பறவைதானே என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் முட்டை பொறுக்கப் போன முதிய பெண் ஒருவரின் காலில் சேவல் கொத்தியது. புடைத்திருந்த நாளம் ஒன்று கிழிந்து, இரத்தம் நிற்காமல் அவர் இறந்துபோனார். 2019இல் தடயவியல் மருத்துவ இதழ் ஒன்றில் அது பதிவானது. நம் ஊர்களில் நான் பயப்படுவது பிள்ளைகளின் கண்ணுக்கு. பெரியவருக்கு முழங்காலில் படுகிற அலகு, மூன்று வயதுப் பிள்ளைக்கு முகத்தில் படும். முள்ளோ நகமோ ஆழமாக இறங்கினால் மஞ்சளைப் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி, ஏற்பு ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். கோழி எச்சமும் மண்ணும் கலந்த நகம் அது. சேவலின் முள்ளை அரத்தால் நுனி மட்டும் மழுக்கலாம். உள்ளே எலும்பும் இரத்தமும் இருக்கிறது. அடியோடு வெட்டினால் சேவல் வதைபடும். முள்ளை மழுக்கினால் காயம் குறையும், குணம் குறையாது.

சில வாரம் முயன்றும் அடங்காத சேவலை நான் வைத்துக்கொள்வதில்லை. ஆளறியாமல் இன்னொருவர் தலையில் கட்டுவதும் இல்லை. அது எங்கள் சட்டிக்கோ, கறிக்கு வாங்குகிறவர் சட்டிக்கோ போகும். ஊர்ச் சேவல் விடலையாக இருக்கும்போதுதான் இறைச்சி பதம். பாவம் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் அடுத்த தலைமுறையையும் யோசிக்க வேண்டும். சண்டைக் குணம் வழிவழியாக இறங்குவது. சண்டைச் சேவல் இனங்களை மனிதர் உண்டாக்கியதே அந்த வழியில்தான். ஆகவே பாயும் சேவல் நிற்கும் கூட்டிலிருந்து நான் அடைமுட்டை எடுப்பதில்லை.

குஞ்சோ அடைமுட்டையோ வாங்கப் போகிறவர்கள் பெட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தகப்பன் சேவல் எங்கே என்று கேளுங்கள். அது நிற்கும் வளவில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, கொஞ்ச நேரம் மணலைக் கிளறிப் பாருங்கள். அது தன் பாட்டில் மேய்ந்தால் வாங்கலாம். பக்கவாட்டில் வந்து சும்மா மணலைக் கொத்தத் தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். தவழ்கிற, தத்தி நடக்கிற பிள்ளை உள்ள வீடென்றால் பெட்டை மட்டும் வாங்குங்கள். முட்டை இடுவதற்குப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை.